புரவலரும் தூரிகையும்: எரிந்துபோன சர்ச்சில் ஓவியம்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

ஓர் உருவ ஓவியத்தைப் பார்க்கும்போது, வரைந்தவர் யார் என்று கேட்கிறோம். படத்தில் இருப்பவர் யார் என்றும் கேட்கிறோம். பணம் கொடுத்தவர் யார் என்று மட்டும் கேட்பதில்லை. அந்த மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்தால்தான் பல ஓவியங்கள் விளங்கும் என்பது என் கருத்து. 1954-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வரையப்பட்டு, இன்று உலகில் இல்லாமற்போன ஓர் ஓவியத்தைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முயல்கிறேன்.

பணம் தருபவரின் விருப்பம்

முற்காலத்தில் ஐரோப்பாவில் பணம் தருபவரே பெரும்பாலும் படத்தில் இருப்பவராகவும் இருந்தார். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் உயரம் குறைந்தவர். அவருடைய அரசவை ஓவியர் வான் டைக், அவரைக் குதிரைமேல் அமர்த்தி, பார்ப்பவர் அண்ணாந்து நோக்கும்படி வரைந்தார். படத்தில் குள்ளமான மன்னரைக் காண முடியாது.

பணம் தருபவர் ஒருவராகவும் படத்தில் இருப்பவர் வேறொருவராகவும் இருந்தால் ஓவியருக்கு விடுதலை கிடைத்துவிடுமா? என் தந்தை சுவர் விளம்பரமும் பெயர்ப்பலகையும் எழுதுபவர். பிளெக்ஸ் வருவதற்கு முன்பு தேர்தல் காலங்களில் தலைவர்களின் உருவங்களையும் வரைந்திருக்கிறார். கூலி கொடுப்பவர் உள்ளூர்ப் பிரமுகர்; படத்தில் இருப்பவர் தலைவர். தலைவர் கண்ணில் பட்டால் என்ன நினைப்பாரோ என்று அஞ்சி, நரையைக் கறுப்பாக்கச் சொல்வார்களாம். நிறத்தைக் கூட்டச் சொல்வார்களாம். “கூலி வாங்கிக்கிட்டு நம்ம இஷ்டத்துக்கு வரைய முடியுமா?” என்று தந்தை கேட்பார். ஆகவே, பணம் தருபவர் வேறாக இருப்பது மட்டும் போதாது. அவர் படத்தில் இருப்பவருக்கு அஞ்சாதவராகவும் இருக்க வேண்டும்.

நாடாளுமன்றம் விதித்த நிபந்தனை

1954 நவம்பர் 30 அன்று பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எண்பது வயது நிறைந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் சேர்ந்தவர்கள் பணம் திரட்டி, அவருக்கு ஓர் உருவ ஓவியத்தைப் பரிசளிக்க முடிவு செய்தனர். பணி கிரகாம் சதர்லாந்து என்ற நவீன ஓவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊதியம் 1,000 கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். ஆகவே மொத்தம் 1,050 பவுண்டு.

சதர்லாந்து முட்செடிகளையும் வேர்களையும் உருமாற்றி வரைந்து புகழ்பெற்றவர்; இரண்டாம் உலகப் போரின்போது போர் ஓவியராகப் பணியாற்றியவர். 1949-இல் எழுத்தாளர் சாமர்செட் மாமை வரைந்தபோது, முகத்தின் சுருக்கங்களை மறைக்காமல் தீட்டினார். அவரிடம் சென்றால் முகத்துதி கிடைக்காது என்பது தெரிந்த செய்தியே.

கார்ட்டர் வீரப் பட்டத்துக்குரிய அங்கியில் தோன்ற வேண்டும் என்பது சர்ச்சிலின் விருப்பம். பணம் தந்தவர்களோ, அவர் அவைக்கு வழக்கமாக அணிந்து வரும் உடையிலேயே வரையப்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்தனர். கறுப்புக் கோட்டும் கோடு போட்ட கால்சட்டையும் கழுத்தில் புள்ளியிட்ட சிறு டையும் அவ்வாறே அமைந்தன. இஃது ஆடை பற்றிய சிறு விஷயமன்று. அங்கி, அரசி அளித்த பெருமையைக் காட்டும். கோட்டு, அவையில் நின்று வாதாடியவரைக் காட்டும். நாடாளுமன்றம் தனக்குரிய சர்ச்சிலைக் கேட்டுப் பெற்றது. ஓவியத்தில் புரவலரின் கை பட்ட இடம் இதுவே.

முகத்துக்கு நிபந்தனை இல்லை

முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. 1954 ஆகஸ்டு முதல் சார்ட்வெல் என்னும் சர்ச்சிலின் இல்லத்தில் அமர்வுகள் நடந்தன. முந்தைய ஆண்டில்தான் சர்ச்சிலைப் பக்கவாதம் தாக்கியிருந்தது. அச்செய்தி மக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. அவர் பதவி விலக வேண்டும் என்று அவருடைய கட்சியிலேயே சிலர் வற்புறுத்தி வந்தனர். சதர்லாந்து தம் கண்ணெதிரே இருந்தவரை வரைந்தார். நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டு, பழுப்பும் மங்கலுமான வண்ணங்களுக்கிடையே, சோர்ந்தும் பணியாமல் அமர்ந்திருக்கும் முதியவர் அவர். இன்று புகைப்படங்களில் பார்த்தாலும் அந்த உறுதி தெரிகிறது.

சர்ச்சிலுக்கு அது பிடிக்கவில்லை. விழாவில் அதனை ஏற்க மறுக்கவும் எண்ணினார், பின்னர் இணங்கினார். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் படம் திறக்கப்பட்டபோது, இது நவீனக் கலைக்குக் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு என்று கூறினார். கேலியைப் புரிந்துகொண்ட அவை சிரித்தது.

முடிவு தீயில்

ஓவியம் சர்ச்சிலின் இல்லத்துக்குச் சென்றது. அங்கே அது மாட்டப்படவே இல்லை. அவர் 1965-இல் மறைந்தார். துணைவியார் கிளெமண்டைன் 1977-இல் மறைந்தார். அவர் கூறியபடி ஓவியம் பல ஆண்டுகளுக்கு முன்பே அழிக்கப்பட்ட செய்தி 1978-இல்தான் வெளிவந்தது. குடும்பச் செயலாளரும் அவருடைய சகோதரரும் அதனை எரித்தனர் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. சதர்லாந்து இதனைக் காட்டுமிராண்டிச் செயல் என்று கண்டித்தார்.

பிறந்தநாள் பரிசு பெறுபவருக்கு மகிழ்ச்சி தர வேண்டாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தள்ளாமையை மறைக்கப் பாடுபட்ட ஒருவருக்கு, அதே தள்ளாமையை நாடறியப் பரிசளித்தால் மனம் நோகும். ஆனால் அந்த ஓவியம் பரிசு மட்டுமன்று. நாட்டின் ஆவணமும் ஆகும். இரண்டையும் ஒரே துணியில் வரையச் சொன்னதே சிக்கலின் வேர்.

முடிவுரை

இந்த நிகழ்ச்சியிலிருந்து நான் கற்றது இதுதான். பணம் தந்தவர்கள் சர்ச்சிலுக்கு அஞ்சாதவர்களாக இருந்ததால், ஓவியருக்கு முகத்தை உண்மையாக வரையும் விடுதலை கிடைத்தது. அவர்கள் ஆடைக்கு நிபந்தனை வைத்தார்கள், பாதுகாப்புக்கு வைக்கவில்லை. உண்மையைச் சொல்லும் படத்தை, அந்த உண்மையை விரும்பாதவரின் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். ஓவியம் பிறந்ததும் மடிந்ததும் புரவலர்களின் முடிவால்தான்.

சதர்லாந்து முன்னோட்டமாகத் தீட்டிய படங்கள் வேறு கைகளில் இருந்ததால் பிழைத்தன. அவற்றுட் சில லண்டன் தேசிய உருவ ஓவியக் கூடத்திலும், சில கனடாவிலுள்ள பீவர்புருக் கலைக்கூடத்திலும் உள்ளன. கலைஞனுக்குக் கூலி கொடுப்பதோடு புரவலரின் கடமை முடிவதில்லை. அவன் படைப்புக்குப் பத்திரமான ஒரு சுவரையும் தருவதே முழுமையான ஆதரவு ஆகும்.