மூன்று மாய உலகங்கள் – ஓர் ஒப்பீடு



மாயாஜாலக் கதை என்றாலே "அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்ப்பா" என்று ஒதுக்கிவிடுகிறோம். நானும் அப்படி ஒதுக்கியவன்தான். ஆனால் ஆங்கிலத்தில் புகழ்பெற்ற மூன்று மாயக்கதைத் தொடர்களைப் படித்து முடித்தபோது ஒரு விஷயம் புரிந்தது. மூன்று ஆசிரியர்களும் கேட்பது ஒரே கேள்வி: "கையில் சக்தி கிடைத்தால் மனிதன் என்ன ஆகிறான்?" இயந்திரம், மின்சாரம், கம்ப்யூட்டர் என்று சக்தியைக் கையாளவே படித்துக்கொண்டிருக்கும் நமக்கு, இதைவிட நெருக்கமான கேள்வி உண்டா?

1. டோல்கீன்: வேண்டாம் என்று சொல்லும் வீரம்

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1892-ல் பிறந்தவர். 12 வயதில் தாயை இழந்து, கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரின் பாதுகாப்பில் வளர்ந்தார். 1916-ல் சோம் போர்க்களத்தைக் கண்ணால் கண்டார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். அவருடைய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55-ல் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

கதை சுருக்கம் இதுதான்: எல்லோரையும் அடக்கி ஆளும் மோதிரம் ஒன்று, ஃப்ரோடோ என்ற சாதாரண ஆளிடம் வந்து சேருகிறது. "இதை வைத்து நல்லது செய்யலாமே?" என்று நமக்குத் தோன்றும். ஆனால் மந்திரவாதி கேண்டல்ஃப் அதை வாங்க மறுக்கிறார். எல்ஃப் அரசி கலாட்ரியலும் மறுக்கிறார். நல்லவன் கையிலும் அது கெடுதல்தான் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். கடைசியில் எரிமலை விளிம்பில் நிற்கும்போது ஃப்ரோடோவே தோற்றுப்போகிறான். "இது எனக்கு" என்கிறான்! கோல்லம் என்ற கேடுகெட்டவன் மோதிரத்தைப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழுவதால்தான் உலகம் பிழைக்கிறது. அந்தக் கோல்லத்தைக் கொல்லாமல் முன்பு பலர் இரங்கி விட்டிருந்தார்கள். ஆக, ஜெயித்தது வீரம் அல்ல, இரக்கம்.

இந்தக் கதையில் கோயில் இல்லை, பிரார்த்தனையும் ஏறக்குறைய இல்லை. ஆனாலும் இது அடிப்படையில் ஒரு கத்தோலிக்கப் படைப்பு என்று 1953-ல் ஒரு நண்பருக்கு டோல்கீன் எழுதினார். மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. கன்னி மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொன்ன திருநாள் அது! இதைக் கதையில் எங்கும் அவர் விளக்கவில்லை. சர்க்கரை தண்ணீரில் கரைந்த மாதிரி.

2. லூயிஸ்: நேராகச் சொல்லும் விசுவாசம்

சி.எஸ். லூயிஸ் 1898-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். அவரும் முதல் உலகப்போரில் காயம்பட்டவர். பல வருடம் நாத்திகர். ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனுக்கு நெருங்கிய நண்பரானார். 1931 செப்டம்பரில் ஒரு ராத்திரி, டோல்கீனும் ஹ்யூகோ டைசன் என்ற நண்பரும் லூயிஸும் கல்லூரி நடைபாதையில் வெகுநேரம் பேசிக்கொண்டே நடந்தார்கள். பேச்சு புராணக்கதைகளைப் பற்றி. அடுத்த சில நாட்களில் அண்ணன் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் சைடுகாரில் உட்கார்ந்து மிருகக்காட்சிசாலைக்குப் போனார் லூயிஸ். கிளம்பும்போது இல்லாத கிறிஸ்துவ நம்பிக்கை, போய்ச் சேரும்போது இருந்ததாம்!

அந்த நம்பிக்கையிலிருந்து பிறந்ததுதான் 'நார்னியா'. 1950 முதல் 1956 வரை ஏழு புத்தகங்கள். துரோகம் செய்த எட்மண்ட் என்ற சிறுவனுக்காக அஸ்லான் என்ற சிங்கம் தன் உயிரைக் கொடுத்து, மறுபடி உயிர்த்தெழுகிறது. யாரைச் சொல்கிறார் என்று சின்னக் குழந்தைக்கும் புரியும். சக்தியைப் பற்றியும் பயங்கரமான ஒரு காட்சி உண்டு: தங்கையோ அக்காளோ ஜெயிப்பதைப் பொறுக்காத அரசி ஜேடிஸ், ஒரே ஒரு சொல்லால் தன் உலகத்து உயிர்கள் அத்தனையையும் அழித்துவிடுகிறாள். இந்தப் பாகம் வந்தது 1955-ல், ஹிரோஷிமாவுக்குப் பத்து வருடம் கழித்து.

குறையையும் சொல்லவேண்டும். நார்னியாவின் எதிரி நாட்டார் கருத்த தோலுடைய பாலைவன மக்கள். பெரும்பாலும் கொடியவர்களாகவே வருகிறார்கள். படிக்கும்போது எனக்கு முகம் சுளித்தது. ஆனால் கடைசிப் புத்தகத்தில் அந்நாட்டு வீரன் ஒருவன், வேறு தெய்வத்தை உண்மையோடு வணங்கியவன், அஸ்லானால் ஏற்றுக்கொள்ளப்படுகிறான். லூயிஸ் அந்தக் கதவைச் சாத்தவில்லை.

3. லெ குவின்: நிழலுக்கு என் பெயர்

அமெரிக்காவின் உர்சுலா கே. லெ குவின் (1929-2018) மானுடவியல் அறிஞர் ஆல்ஃப்ரட் குரோபரின் மகள். சீனாவின் தாவோ தத்துவத்தில் ஊறியவர். அவருடைய 'எர்த்ஸீ' தொடர் 1968-ல் தொடங்கி 2001 வரை வளர்ந்தது. இதில் நாயகன் கெட், சிவந்த பழுப்பு நிறத்தவன். 2004-ல் வந்த தொலைக்காட்சிப் படத்தில் அவனை வெள்ளைக்காரன் ஆக்கிவிட்டார்கள் என்று லெ குவின் பகிரங்கமாகவே கண்டித்தார்.

மந்திரப் பள்ளி மாணவனான கெட், சக மாணவனிடம் வீம்பு பிடித்து, செய்யக்கூடாத வித்தையைச் செய்கிறான். ஒரு கரிய நிழல் வெளிப்பட்டு அவனைத் துரத்துகிறது. (வீம்புக்காகச் செய்துவிட்டு மாட்டிக்கொள்வது நமக்குப் புதுசா என்ன!) கடைசியில் அவன் திரும்பி நின்று நிழலை எதிர்கொள்கிறான். அதன் பெயர் என்ன? கெட். அவன் பெயரேதான்! எதிரி வெளியில் இல்லை. இங்கே காப்பாற்ற ஒரு கடவுள் வருவதில்லை. உலகின் சமநிலையைக் கெடுக்காமல் நடப்பதே தர்மம்.

எது எப்படிப் பரவியது?

1965-ல் அமெரிக்காவில் டோல்கீனின் புத்தகம் அனுமதியில்லாமல் மலிவுப் பதிப்பாக வந்து தகராறு ஆனது. அந்தத் தகராறே விளம்பரம் ஆகி, கல்லூரி மாணவர்கள் ஃப்ரோடோ பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தார்கள். 2004-ல் திரைப்படத்தின் மூன்றாம் பாகம் 11 ஆஸ்கார் வாங்கியது. நார்னியா தேவாலயங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் இடம் பிடித்தது, எதிர்ப்பையும் கிளப்பியது. ஃபிலிப் புல்மன் 1995-ல் தொடங்கிய தன் தொடரில் நேர் எதிரான கருத்தை வைத்தார். எர்த்ஸீ சத்தமில்லாமல் வேலை செய்தது. மந்திரப் பள்ளி என்றால் இன்று எல்லோரும் ஹாரி பாட்டரைச் சொல்வார்கள்; லெ குவின் அதை 29 வருடம் முன்பே எழுதிவிட்டார்.

என் கணிப்பு இது: லூயிஸ் பதிலைச் சொல்லிவிடுகிறார். டோல்கீன் பதிலை ஒளித்து வைக்கிறார். லெ குவின் கேள்வியை நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார். எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் டோல்கீனுக்குள் நுழைய முடிவது அந்த ஒளிப்பினால்தான். என் மனதை அதிகம் உலுக்கியது மட்டும் கெட்டின் நிழல்.

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். டோல்கீனுக்கு நார்னியா பிடிக்கவே இல்லை. ஆனாலும் லூயிஸின் தூண்டுதல் இல்லாவிட்டால் தன் பெரிய கதையை முடித்திருக்கவே மாட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். கருத்து ஒத்துப்போகாத நண்பன்தான் அந்தப் புத்தகத்தை நமக்குக் கொடுத்தான்! நண்பர்களே, நாளை ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஒரு சுவிட்ச் நம் விரலுக்கடியில் இருக்கும். "என்னால் முடியும்" என்பது டிப்ளமோ தருவது. "செய்யலாமா?" என்பதை இந்தக் கதைகள் தருகின்றன. இரண்டையும் சேர்த்தே கற்போம்!