விருத்தாசலம் வருவதற்குள்

திருச்சி
புதன் இரவு

அன்புள்ள பாப்பா,

உன் அம்மா நேற்று போனில் அழுதாள். வாடகை பாக்கி, சான்றிதழை அனுப்பாமல் கைநழுவிப் போன வேலை, நீ எடுக்காத போன்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "டாக்டர் ஏதோ ஏ.டி.எச்.டி. என்கிறாராம் அண்ணா. சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள்" என்றாள். அவளை நான் அதட்டவில்லை. அந்தச் சொல்லை உன்மேல் முதலில் எறிந்தவன் நான்தான். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், ரெக்கார்ட் நோட்டு பாதிகூட முடியாமல் கிடந்ததைப் பார்த்து, வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ பதில் பேசவில்லை. விடியவிடிய உட்கார்ந்து முடித்தாய். ஒரு சோம்பேறியால் அப்படி உட்கார முடியுமா என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. அந்தச் சொல்லை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மன்னித்துக்கொள் கண்ணு.

"பக்கெட்டில் ஊறப்போட்ட துணி மூன்று நாளாகக் கிடக்கிறது மாமா. நாற்றம் அடிக்கிறது, தெரிகிறது. அதைத் தாண்டித் தாண்டிப் போகிறேன், கை மட்டும் போகமாட்டேன் என்கிறது" என்று நீ அனுப்பியிருந்ததைப் பலமுறை படித்தேன். எனக்கு அது புதுச் செய்தியாக இல்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

உன் அத்தை போன பிறகு வந்த முதல் கரண்ட் பில். ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாள் இருக்கிறது என்பது தெரியும். பணம் இருந்தது. அட்டை டிவி பக்கத்திலேயே இருந்தது. தினமும் பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் ஃபேன் நின்றது. அதற்குப் பிறகு சிலிண்டர், பிறகு வீட்டு வரி, பிறகு என் பிரஷர் மாத்திரை. முப்பத்து நான்கு வருஷம் இந்த வீட்டில் எதுவும் தவறியதில்லை, நான் ஒழுங்கானவன் என்றே நினைத்திருந்தேன். அவள்தான் என் ஞாபகம், அவள்தான் என் கடிகாரம் என்று அவள் இல்லாதபோதுதான் தெரிந்தது.

எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளைக்கு இந்தக் குறை இருந்தால் "அவனுக்கு மறதி" என்பார்கள். அம்மாவோ பெண்டாட்டியோ சத்தமில்லாமல் சுமந்துவிடுவார்கள். அதே குறை பெண்ணுக்கு இருந்தால் "பொறுப்பில்லாதவள்". உனக்குப் பின்னால் நின்று சுமக்க யாருமில்லை. இன்னும் கேட்டால், மற்றவர்களுடையதையும் நீ சுமக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்குக் கிடைத்த துணையில் கால்பங்கு உனக்குக் கிடைத்திருந்தால் உன் கதை வேறு. இதை உன் அம்மாவிடமும் சொன்னேன்.

ஆனால் ஆபீஸில் நான் தவறியதில்லை, அது நிஜம். ஏன் என்று இந்த நாலு வருஷமாக யோசிக்கிறேன். ரயில் தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில், ராத்திரி ரயிலில் கடிதம் பிரிக்கிற வேலை. திருச்சியில் ஏறினால், விருத்தாசலம் வருவதற்குள் அந்த ஊர்ப் பையைக் கட்டி, லேபிள் போட்டு, அரக்கு வைத்தாக வேண்டும். வண்டி எனக்காக நிற்காது. பக்கத்தில் இன்னும் மூன்று பேர் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். கையில் இருக்கிற கடிதம் எங்கே போக வேண்டும் என்பதற்கு எதிரிலேயே மரத்தட்டில் ஒரு சின்ன அறை இருக்கும். நேரம், துணை, இடம் மூன்றும் என் தலைக்கு வெளியே இருந்தன. வீட்டுக்கு வந்தால் மூன்றும் இல்லை.

எங்கள் சீனியர்கள் எந்தக் கிராமம் எந்தத் தபாலாபீஸைச் சேர்ந்தது என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடம் வைத்திருந்தார்கள். ஒரே பேரில் நாலைந்து ஊர், ஒவ்வொருவர் கையெழுத்து ஒரு மாதிரி, ஒவ்வொரு மாநிலத்துக்கு ஒரு மொழி. அதனால்தான் 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. ஆறே இலக்கம். கடிதம் பிரிக்கிறவன் மண்டையில் இருந்த பாரத்தை உறையின் மேல் இறக்கி வைத்தார்கள். அதற்காக எங்களை யாரும் மண்டு என்று சொல்லவில்லையே.

உன் செய்தி வந்த பிறகு கொஞ்சம் படித்தேன். 1991-ல் லண்டனில் டிம் ஷாலிஸ், பால் பர்ஜஸ் என்ற இருவர், மூளையின் முன்பகுதியில் அடிபட்ட மூன்று பேரைக் கடைத்தெருவுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். ரொட்டி வாங்க வேண்டும், தக்காளி விலை விசாரிக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஓரிடத்தில் நிற்க வேண்டும், சில தகவல்களை அஞ்சலட்டையில் எழுத வேண்டும். அந்த மூவரும் அறிவுத்திறன் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். தெருவில் இறங்கியதும் தடுமாறிப்போனார்கள். உனக்கு அடிபட்டிருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அறிவு வேறு, அறிந்ததை வரிசைப்படுத்தித் தொடங்கி முடிக்கிற திறன் வேறு. டாக்டர் உன்னிடம் சொன்ன எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் என்பது இந்த இரண்டாவதுதான். அதனால் "இன்னும் கொஞ்சம் மனசு வைத்தால்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. மனசு வைத்து வைத்துத்தான் நீ களைத்துப்போயிருக்கிறாய்.

நான் செய்து பார்த்ததில் நின்றதை மட்டும் எழுதுகிறேன். போன் அலாரம் எனக்கு உதவவில்லை. அது அடிக்கும்போது நான் வேறெங்கோ இருப்பேன், நிறுத்திவிட்டு மறந்துவிடுவேன். மாத்திரையைக் காபி டவராவுக்குள் போட்டு வைத்தேன். அதை எடுக்காமல் காபி ஊற்ற முடியாது. ஞாபகம் வேண்டிய இடத்தில்தான் ஞாபகப்படுத்தும் பொருளும் இருக்க வேண்டும். கரண்ட் பில்லை ஆட்டோ பேயில் போட்டுவிட்டேன். நீயும் போடு, வாடகைக்கும் வழியிருந்தால் போடு. காகிதத்தில் "துணி துவை" என்று எழுதாதே, "பக்கெட்டைக் குழாயடிக்கு நகர்த்து" என்று எழுது. நகர்த்திவிட்டால் பெரும்பாலும் மீதியும் நடந்துவிடும். நடக்காவிட்டால் பக்கெட்டாவது நகர்ந்திருக்கும். ஒரு வழி மூன்று வாரம் வேலை செய்துவிட்டுச் செத்துப்போகும், எனக்கு அப்படித்தான் ஆகிறது. வேறொன்று தேடு. அதற்காக உன்னைத் திட்டிக்கொள்ளாதே.

டாக்டரை விட்டுவிடாதே. மாத்திரை எழுதியிருந்தால் அம்மாவுக்கு மறைத்துச் சாப்பிடாதே. அவளிடம் பேசுவது என் பொறுப்பு. வீட்டுக்காரரிடம் பயந்து ஒளியாமல், எத்தனாம் தேதி தருவாய் என்று நீயே போய்ச் சொல். பாக்கி எவ்வளவு என்று எனக்கு எழுது. தரக்கூடிய நிலையில்தான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். நீ பேச வேண்டும் என்று இல்லை. போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு உன் துணியைத் துவை. நான் இந்தப் பக்கம் அத்தையின் ஃபைலைப் பிரித்து அடுக்குகிறேன். நாலு வருஷமாகத் தொடாமல் வைத்திருக்கிறேன், தனியாகத் திறக்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு நிறுத்திவிடலாம்.

உன்
மாமா