சொரியாசிஸ்: எந்த இடத்திற்கு எந்தக் களிம்பு?

சொரியாசிஸ் தொற்றுநோயன்று, தொடுவதாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்துவதாலோ பிறருக்குப் பரவாது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் மிகையாகத் தூண்டப்படுவதால் தோல் செல்கள் விரைந்து பெருகித் தடிப்புகளாகவும் செதில்களாகவும் படிகின்றன. விரல்கள் சேர்ந்த உங்கள் உள்ளங்கையின் பரப்பு, உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடாகும். பாதிப்பு 10 உள்ளங்கை அளவுக்கு உட்பட்டிருப்பின், பெரும்பாலோருக்கு மேற்பூச்சு மருந்துகளே போதுமானவை. அவற்றுள் வலிமை மிக்கது எது என்பதைவிட, எந்த இடத்திற்கு எது, எத்தனை நாளுக்கு என்பதே முக்கியம்.

ஸ்டீராய்டு களிம்புகள்: விரைவில் பலன் தருபவை. முழங்கை, முழங்கால், உள்ளங்கால் போன்ற தடித்த தோலுக்குக் குளோபெட்டசால் போன்ற வீரியமிக்க வகை பொருந்தும். அதனைப் பொதுவாகத் தொடர்ந்து 2 வாரங்களுக்கு மேல் பூசுதல் கூடாது. அதே களிம்பை முகத்திலோ, அக்குளிலோ, தொடையிடுக்கிலோ பூசினால் தோல் மெலிந்து வரிகள் விழும். நீண்டநாள் பூசித் திடீரென நிறுத்தினால், நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். ஆகவே பழைய மருந்துச்சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்காதீர்கள்.

வைட்டமின் டி வகை: கால்சிபோட்ரியால் மெதுவாகவே செயற்படும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆயினும் தோலை மெலியச் செய்யாததால் நீண்டகாலப் பயன்பாட்டிற்கு ஏற்றது. சிலருக்கு எரிச்சல் தோன்றலாம். பெரியவர்கள் வாரத்திற்கு 100 கிராமுக்கு மேல் பூசலாகாது.

கூட்டுக் களிம்பு: கால்சிபோட்ரியாலும் பீட்டாமெத்தசோனும் சேர்ந்தது. நாளுக்கு ஒருமுறை பூசினால் போதும். தனித்தனியே பூசுவதைவிடக் கூடுதல் பலன் தரும். இதிலும் ஸ்டீராய்டு உள்ளதால், வழக்கமாக 4 வாரங்களில் மறு ஆய்வு தேவை.

டாக்ரோலிமஸ்: முகத்திற்கும் தோல் மடிப்புகளுக்கும் உகந்தது, தோலை மெலியச் செய்யாது. முதற்சில நாட்கள் எரிச்சல் இருக்கலாம்.

சாலிசிலிக் அமிலம், தார்: முன்னது செதில்களை அகற்றிப் பிற மருந்துகள் ஊடுருவ வழிசெய்யும், ஆனால் கால்சிபோட்ரியாலைச் செயலிழக்கச் செய்வதால், இரண்டையும் சேர்த்துப் பூசாதீர்கள். தார் கலந்த ஷாம்பு தலைக்குப் பயன்படும். மணமும் ஆடைக் கறையும் அதன் குறைகள்.

எம்மருந்தாயினும் தோலின் ஈரப்பதம் காக்கும் பூச்சு நாள்தோறும் வேண்டும். பாரஃபின் கலந்த பூச்சு படிந்த ஆடை எளிதில் தீப்பற்றும்; அடுப்பருகே கவனம் தேவை.

எவ்வளவு பூசுவது? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது 2 உள்ளங்கைப் பரப்பிற்குப் போதும். 4 உள்ளங்கை அளவுள்ள பாதிப்பிற்கு நாளொன்றுக்கு 1 கிராம். 30 கிராம் குழாய் ஒரு மாதம் வரும். மாத இறுதியில் பாதி மிஞ்சினால், மருந்து பலிக்கவில்லை என முடிவுசெய்யுமுன், பூசிய அளவு போதுமா என எண்ணிப் பாருங்கள். முதுகிலும் தலையிலும் பூசுவதற்குக் குடும்பத்தாரின் உதவி பெரிதும் பயன்படும்.

காலையில் மூட்டு விறைப்போ, விரல் வீக்கமோ தோன்றினால் உடனே தெரிவியுங்கள். மூட்டுச் சேதத்தைக் களிம்பு தடுக்காது. கர்ப்பமுற்றிருந்தாலோ, கர்ப்பத்தை எதிர்பார்த்திருந்தாலோ முன்னரே கூறுங்கள். அடுத்த முறை வரும்போது, கடையில் தாமாக வாங்கியவை உட்பட, பூசிய குழாய்கள் அனைத்தையும் எடுத்து வாருங்கள்.