சம்பளத்திலிருந்து கல்லாவுக்கு: வேலையை விட்டுக் கடை வைப்போர் கவனத்திற்கு

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஅத்.

 

சூரத்துல் ஜும்ஆவின் 9, 10 ஆகிய இரு வசனங்களில் அல்லாஹ் இரண்டு கட்டளைகளை அடுத்தடுத்து வைக்கிறான். ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்பது முதலாவது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவனுடைய அருளைத் தேடுங்கள், அவனை அதிகம் நினைவுகூருங்கள் என்பது இரண்டாவது. பள்ளியையும் சந்தையையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பேசிய மார்க்கம் இது.

சமீப காலமாக ஜும்ஆ முடிந்ததும் சில சகோதரர்கள் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். பத்து, பதினைந்து வருடம் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். "ஹஜ்ரத், வேலையை விட்டுவிட்டு சின்னதாக ஒரு மளிகைக் கடை வைக்கலாம் என்று நினைக்கிறேன். மார்க்கத்தில் வியாபாரம்தானே சிறந்தது?" என்று கேட்கிறார்கள். கூடவே வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியையும் காட்டுகிறார்கள்: ரிஸ்கின் பத்தில் ஒன்பது பங்கு வியாபாரத்தில்தான் இருக்கிறதாம்.

முதலில் இதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். அந்த அறிவிப்பு பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளார்கள். அதை உறுதியான நபிமொழி என்று நம்பி யாரும் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம்.

இரண்டும் நல்லோர் நடந்த வழி

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் எட்டு அல்லது பத்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் பேசிக் கூலிக்கு வேலை செய்தார்கள். வேலைக்கு அமர்த்தத் தகுந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்று அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டதைச் சூரத்துல் கஸஸில் ஓதுகிறோம். யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார்கள். அது அரசாங்க உத்தியோகம். தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்துச் சாப்பிட்டார்கள். நம் நபி (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள். பிறகு கதீஜா (ரலி) அவர்களின் முதலீட்டில் ஷாம் தேசத்திற்குச் சென்று வியாபாரமும் செய்தார்கள்.

ஆகவே சம்பளம் வாங்குவது தாழ்வும் அல்ல, கல்லாவில் உட்காருவது தானாகவே உயர்வும் அல்ல. வட்டி, மது போன்ற ஹராமான துறையில் இருப்பவர் வேறு வழியைத் தீவிரமாகத் தேடி வெளியேற வேண்டியவர். அவர் விஷயம் தனி. ஹலாலான வேலையில் இருப்பவருக்கு இது ஆகுமான இரண்டு காரியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். இஸ்திகாரா தொழுங்கள், அனுபவசாலிகளிடம் மஷ்வரா செய்யுங்கள். மேலாளர் திட்டிய அன்று மாலையில் முடிவெடுக்காதீர்கள்.

ஸஹாபாக்களின் இரண்டு காட்சிகளைப் பாருங்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் சகோதர உறவை ஏற்படுத்தினார்கள். ஸஅத் (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். இவர்களோ, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும் என்று துஆ செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார்கள். பனூ கைனுகாஉ சந்தைக்குப் போய், அன்று கொஞ்சம் நெய்யும் உலர்ந்த தயிர்க்கட்டியும் லாபமாகக் கொண்டுவந்தார்கள். புகாரியில் வரும் சம்பவம் இது. பிற்காலத்தில் பெரும் செல்வந்தரான அவர்களின் மதீனா வியாபாரம் நெய்யிலும் தயிர்க்கட்டியிலும்தான் தொடங்கியது. பிறர் பணத்தில் பெரிய கடை திறக்கவில்லை.

அபூபக்ர் (ரலி) அவர்களின் காட்சி இதற்கு நேர் எதிரானது. அவர்கள் துணி வியாபாரி. கலீஃபாவான பின்பும் துணிகளைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள். உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) ஆகியோர் எதிர்ப்பட்டு, ஆட்சிப் பொறுப்பு இருக்கிறதே என்றபோது, என் குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்று கேட்டார்கள். பிறகு பைத்துல் மாலிலிருந்து அவர்களுக்கு ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. மரணத் தறுவாயில், பொறுப்பேற்றபின் தம்மிடம் கூடியிருந்ததை அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

ஒருவர் வெறுங்கையோடு சந்தைக்குள் போகிறார். மற்றவர் சந்தையை விட்டு உத்தியோகத்திற்கு வருகிறார். இருவரும் சுவர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பட்டவர்கள். அவர்களை உயர்த்தியது அமானத்.

இப்போது நம் விஷயத்திற்கு வருவோம். ஆபீஸில் உங்கள் பொறுப்பு ஒரு மேஜை அளவு. கணக்கை ஒருவர் பார்ப்பார், வரியை ஒருவர் கட்டுவார், பொருளின் தரத்துக்கு ஒருவர் கையெழுத்துப் போடுவார். சொந்தக் கடையில் தராசு, கணக்கு, கடன், வேலையாள் கூலி எல்லாம் உங்கள் கழுத்தில் வந்து சேர்கிறது. மார்க்கச் சட்டம் விளங்காதவர் நம் சந்தையில் விற்கக் கூடாது என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதைத் திர்மிதியில் பார்க்கிறோம். முதல் போடுவதற்கு முன் சட்டம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

1. விட்டுவரும் இடத்தின் ஹக்கு

ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது சூரத்துல் மாயிதாவின் முதல் வசனத்திலேயே உள்ள கட்டளை. நோட்டீஸ் காலம் இரண்டு மாதம் என்று கையெழுத்திட்டிருந்தால் அதை முடித்துக் கொடுக்க வேண்டும், அல்லது கம்பெனியோடு பேசிச் சம்மதம் பெற வேண்டும். கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலை செல்போனில் ஏற்றிக்கொண்டு வருவது மோசடி. அதே நேரத்தில் கடைக்குச் சரக்கு விலை விசாரிக்க ஆபீஸ் நேரத்தைச் செலவழிப்பதும் அமானத்தில் குறை வைப்பதுதான்.

2. வீட்டாரின் ஹக்கு

தன் பொறுப்பில் உள்ளவர்களுக்கு உணவளிக்காமல் வீணாக்குவதே ஒருவனுக்குப் போதுமான பாவம் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வருகிறது. புதுக் கடை முதல் மாதத்திலேயே சம்பளம் போல் தராது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்துச் செலவு இவற்றுக்குச் சில மாதங்களுக்காவது பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு இறங்குங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதுதான் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

மனைவியின் நகையைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மஹரும் அவளுடைய நகையும் அவளுக்குச் சொந்தம். சூரத்துன்னிஸாவின் 4-வது வசனத்தில், மஹரிலிருந்து அவர்கள் மனம் விரும்பித் தந்தால் சாப்பிடலாம் என்று அல்லாஹ் அனுமதிக்கிறான். "கடை வைக்கப் போகிறேன், கழற்றிக் கொடு" என்று மாமியார் முன்னிலையில் கேட்டால் எந்தப் பெண் மறுப்பாள்? மறுக்க முடியாத இடத்தில் வாங்கியதை மனம் விரும்பித் தந்தது என்று சொல்ல முடியுமா? தனியாக, நிதானமாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காதீர்கள். கடனாகத் தந்தால் எழுதிக் கொடுங்கள். 5 பவுன் நகையைக் கடனாக வாங்கியவர் 5 பவுன்தான் திருப்பித் தர வேண்டும். அன்று விற்ற ரூபாயை இன்று நீட்டினால் கடன் தீராது.

3. முதலீடு

வட்டிக் கடனில் ஆரம்பிக்கும் கடையில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது. வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியதாக அல்லாஹ் ஒரே வசனத்தில் சொல்கிறான்.

நம்மவர்கள் தெரியாமல் விழும் குழி ஒன்று உண்டு. வளைகுடாவில் இருக்கும் மச்சான் ஐந்து லட்சம் தருகிறார். "லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய் தந்துவிடுகிறேன்" என்று பேசிக்கொள்கிறார்கள். கூட்டு என்று பெயர் வைத்தாலும் இது வட்டிதான். முளாரபா முறையில் செய்வதானால், வரும் லாபத்தில் உனக்கு 40 சதவீதம், எனக்கு 60 சதவீதம் என்று விகிதம் பேச வேண்டும். லாபம் இல்லையென்றால் இருவருக்கும் இல்லை. கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். இதை இருவரும் முன்பே புரிந்துகொள்ள வேண்டும்.

அதை எழுதியும் வைக்க வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282-வது வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது. "மச்சானுக்குள் எழுத்து எதற்கு?" என்பார்கள். மச்சான் என்பதால்தான் எழுத வேண்டும். பணம் போனால் சம்பாதிக்கலாம். அந்தச் சண்டையில் சகோதரியின் வாழ்க்கை கசந்துவிட்டால் எதைக் கொண்டு சரிசெய்வது?

கடன் எவ்வளவு பாரமானது என்பதற்கு புகாரியில் ஒரு சம்பவம். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. மூன்று தீனார் கடன் இருக்கிறது, ஈடுகட்ட எதையும் விட்டுச் செல்லவில்லை என்று தெரிந்ததும், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகுதான் தொழவைத்தார்கள்.

4. கல்லாவின் நேர்மை

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் என்னைச் சார்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. நனைந்தது அவர் குற்றம் அல்ல, மறைத்ததுதான் குற்றம். காலாவதி தேதியின் மேல் விலைச்சீட்டு ஒட்டுவதும், பழைய பருப்பை அடியில் போட்டுப் புதியதை மேலே பரப்புவதும் அதே ஈரம்தான்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியைக் கூட்டாளியிடம் அனுப்பி, குறையைச் சொல்லி விற்கும்படி கூறினார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தப் பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள்.

கடன் நோட்டில் பெயர் உள்ள ஏழைக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுப்பதும் குர்ஆனின் கட்டளைதான். கடையில் வைத்திருக்கும் பையனின் கூலியை நாள் கடத்தாமல் கொடுங்கள். முன்பு சம்பளம் தாமதமானபோது உங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

வருடா வருடம் ஜகாத் உண்டு. ஹனஃபி மத்ஹபின்படி 612 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டினால் நிஸாப். அலமாரி, ஃபிரிட்ஜ், தராசு இவற்றுக்கு ஜகாத் இல்லை. விற்பனைச் சரக்குக்கு அன்றைய சந்தை விலைப்படி உண்டு. உதாரணமாக சரக்கு 4 லட்சம், கையிருப்பு 60,000, வரவேண்டிய பணம் 40,000 என்றால் மொத்தம் 5 லட்சம். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய 1 லட்சத்தைக் கழித்தால் 4 லட்சம். இரண்டரை சதவீதம் 10,000 ரூபாய். கடனைக் கழிப்பதில் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம் வேறு; அவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. தொழுகை

ஆபீஸில் ஜும்ஆவுக்கு அனுமதி கேட்டு நின்றவர், இனி நமக்கு நாமே முதலாளி என்று சந்தோஷப்படுகிறார். ஆனால் மேலாளர் தடுத்ததைவிடக் கடுமையாகக் கல்லா தடுக்கும். அஸர் நேரத்தில்தான் கூட்டம் வரும். வியாபாரமும் கொடுக்கல் வாங்கலும் அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் திருப்பாத மனிதர்களைச் சூரத்துந்நூரில் அல்லாஹ் புகழ்கிறான். கடை இல்லாதவர்களை அல்ல, கடை இருந்தும் திரும்பாதவர்களைப் புகழ்கிறான். பாங்கு சொன்னதும் ஷட்டரை இறக்கும் பழக்கத்தைக் கடை திறந்த முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்றால் பிறகு வராது.

அன்பானவர்களே! மாதம் முதல் தேதி சம்பளம் வரும்போது, கொடுப்பது கம்பெனி என்று மனம் நினைத்துப் பழகிவிடுகிறது. கடையில் சில நாள் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். அப்போது காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையைப் பற்றிய ஹதீஸ் நினைவுக்கு வரட்டும். அந்தப் பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் கடை நடக்காமல் போகலாம். நஷ்டம் வருவது அல்லாஹ்வின் கோபத்திற்கு அடையாளம் என்று யாரும் சொல்ல வேண்டாம். திரும்ப வேலைக்குப் போவதில் வெட்கமும் இல்லை. அரண்மனையில் வளர்ந்த மூஸா (அலை) அவர்கள் ஆடு மேய்த்தார்கள். கடை மூடியவரைப் பார்த்து "அப்போதே சொன்னேனே" என்று குத்திக் காட்டாதீர்கள். முடிந்தால், திறந்திருக்கும்போதே அந்தக் கடையில் போய் ஒரு கிலோ அரிசி வாங்குங்கள். கடன் சொல்லாமல் வாங்குங்கள்.

யா அல்லாஹ்! உழைக்கும் எங்கள் அனைவருக்கும் ஹலாலான, விசாலமான ரிஸ்கைத் தருவாயாக! எங்கள் சம்பளத்திலும் எங்கள் கல்லாவிலும் பரக்கத் செய்வாயாக! கடனின் பாரத்திலிருந்தும் ஹராமின் ஆசையிலிருந்தும் எங்களைக் காப்பாற்றுவாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.