இரண்டு சென்ட், ஒரே மாவட்டம், இரண்டு வெயில்

கடையில் நீட்டும் காகிதத் துண்டை மோந்து பார்த்துச் சென்ட் வாங்காதீர்கள். மாத்தளை மாவட்டத்துக்காரருக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். மேலே ரிவர்ஸ்டனில் மூடுபனி, கீழே தம்புள்ளையில் உலர்வலயத்து வெக்கை. ஒரே போத்தல் இந்த இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி மணக்காது.

குளித்து முடித்த உடம்பின் சுத்தமும் மெல்லிய பூவாசமும் சேர்ந்த ஒன்றைத் தேடினேன். கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, 1992இல் வந்த இஸ்ஸே மியாக்கேயின் 'லோ திஸ்ஸே'. தாமரை, ஈரம், கொஞ்சம் மெலன் பழம். அந்த நீர்வாசம் கலோன் என்ற செயற்கைப் பொருளால் வருவது. அதை 1966இல் கண்டுபிடித்தது ஃபைசர் மருந்துக் கம்பனி. மற்றது எஸ்டி லாடரின் 'பிளெஷர்ஸ்', 1995. லில்லியும் பியோனியும் விரிவதற்கு முன் இளஞ்சிவப்பு மிளகு லேசாகச் சுண்டும். மிளகுக்கொடி பார்த்து வளர்ந்த எனக்கு அது பிடித்துப்போனது. ஆனால் அது நம்முடைய மிளகுக்கு உறவில்லை, மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பம்.

ஒரு மணிக்கட்டில் ஒன்று, மறு மணிக்கட்டில் மற்றது. தேய்க்க வேண்டாம், தேய்க்கும் சூட்டில் முதல் வாசம் சீக்கிரம் பறந்துவிடும். முதல் கால் மணி நேரத்தில் எதையும் முடிவுசெய்யாதீர்கள். பின்னேரம் வரை தோலில் தங்குவது பெரும்பாலும் கஸ்தூரி வகைச் செயற்கை வாசங்கள். அவற்றில் சில சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது. அதனால் வீட்டில் இன்னொருவரையும் மோந்து பார்க்கச் சொல்லுங்கள். முற்றத்தில் கராம்போ சாதிக்காயோ காயும் நாளில் இந்தச் சோதனை சரிவராது. மூக்கு களைத்தால் கோப்பிக்கொட்டை தேவையில்லை, வெளிக்காற்றே போதும்.

தம்புள்ளை வெயிலில் லோ திஸ்ஸேயின் மெலன் வாசம் பொங்கி எழுகிறது. நெரிசலான பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்கு அது தொல்லை. பிளெஷர்ஸ் அந்தச் சூட்டிலும் அடக்கமாக, சவர்க்காரச் சுத்தத்தோடு நிற்கிறது. குளிரில் நிலைமை தலைகீழ்: பிளெஷர்ஸ் இருப்பதே தெரியாது, லோ திஸ்ஸே அளவாக மலரும். மாத்தளை நகரத்தில் வேலை பார்க்கும் நான் பிளெஷர்ஸ் எடுத்தேன். இறத்தோட்டைக்கு மேலே தோட்டப் பக்கம் இருப்பவருக்கு மற்றதைத்தான் சொல்வேன்.

எதை வாங்கினாலும் பெட்டியோடு அலுமாரிக்குள் வையுங்கள். வெளிச்சமும் சூடும் வாசத்தைக் கெடுக்கும். தோல் வறண்டிருந்தால் வாசனையில்லாத கிரீம் பூசி, அதன்மேல் அடித்தால் கூடுதல் நேரம் நிற்கும்.

மாசி மகத்தில் முத்துமாரியம்மன் தேர் பார்க்கத் தலையில் மல்லிகை வைத்துப் போகும் நாளில் நான் இரண்டையும் தொடுவதில்லை. மல்லிகையின் கனத்த வாசத்துக்கு அதிலுள்ள இண்டோல் ஒரு காரணம். இந்த மாதிரிச் 'சுத்தமான' சென்ட்டுகளில் அந்தக் கனம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கும். உயிருள்ள பூவுக்குப் பக்கத்தில் அவை வெறும் சவர்க்காரமாகத்தான் மணக்கும்.