வைரஸுக்கு உயிர் இருக்கா, இல்லையா?

"வைரஸ் உயிருள்ளதா, உயிரற்றதா? காரணம் தருக." ஸ்கூல்ல இந்தக் கேள்விக்கு எல்லாரும் பதில் எழுதியிருப்போம். இந்தப் பக்கம் மூணு பாயிண்ட், அந்தப் பக்கம் மூணு பாயிண்ட், கடைசியில் "ஆகவே இது இரண்டுக்கும் இடைப்பட்டது" என்று முடித்து மார்க் வாங்கியிருப்போம். அதோடு மறந்தும் போயிருப்போம்.

போன செமஸ்டரில் எனக்குக் காய்ச்சல், சளி. ரூம்மேட்கிட்ட மிச்சமிருந்த அசித்ரோமைசினை வாங்கிப் போட்டுக்கிட்டேன். மூணு நாள் ஆகியும் காய்ச்சல் விடல. டாக்டர்கிட்ட போனா, "இது வைரஸ் காய்ச்சல். இதுக்கு அந்த மாத்திரை வேலையே செய்யாது. யாரைக் கேட்டுப் போட்டே?" என்று திட்டு. ஏன் வேலை செய்யாது என்று தேடப் போனபோதுதான், அந்தப் பழைய கேள்வி மறுபடியும் எதிரில் வந்து நின்றது.

தமிழிலேயே இதற்கு இரண்டு விடை இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? வைரஸை 'நச்சுயிரி' என்கிறோம்; அந்தப் பெயருக்குள்ளேயே உயிர் இருக்கிறது. 'தீநுண்மி' என்றும் சொல்கிறோம். அதில் உயிர் இல்லை. எது சரி?

இல்லை என்பவர்களின் வாதம்

1935-இல் அமெரிக்க வேதியியலாளர் வெண்டல் ஸ்டான்லி, புகையிலைச் செடியைத் தாக்கும் மொசைக் வைரஸைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கினார். உப்பு, சர்க்கரை மாதிரிப் படிகம்! அதைக் கரைத்து இலையில் தடவினால் செடிக்கு மறுபடியும் நோய் வந்தது. இந்த வேலைக்காக 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்தில் இல்லை, வேதியியலில்.

1955-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஃபிரேங்கல்-கான்ராட், வில்லியம்ஸ் என்ற இருவர் அதே வைரஸின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியாகப் பிரித்து, மறுபடி சோதனைக் குழாயில் கலந்தார்கள். பாகங்கள் தானாகவே ஒன்றுசேர்ந்து, தொற்றக்கூடிய வைரஸ் உருவானது. ஒர்க்‌ஷாப்பில் கழற்றி மாட்டக்கூடிய ஒன்றை உயிர் என்று எப்படிச் சொல்வது? அது சாப்பிடுவதில்லை, மூச்சு விடுவதில்லை. புரதம் செய்யும் எந்திரமான ரைபோசோம்கூட அதனிடம் கிடையாது.

உண்டு என்பவர்களின் வாதம்

"இன்னொரு செல் இல்லாமல் பெருக முடியாது, அதனால் உயிர் இல்லை" என்றால், கிளமிடியா என்ற பாக்டீரியாவும் இன்னொரு செல்லுக்குள் போய்த்தான் பெருகும். அதை உயிரற்றது என்று யாரும் சொல்வதில்லையே. கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி போடாது. அதற்கு உயிர் இல்லையா? வைரஸிடம் மரபணு இருக்கு, அது மாறுது, தலைமுறை தலைமுறையாகப் பரிணாமம் அடையுது.

அடுத்தது மெக்கானிக்கல் நண்பர்களுக்கு. 1992-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு கூலிங் டவர் தண்ணீரில் இருந்த அமீபாவுக்குள் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே தெரிந்ததால் பாக்டீரியா என்றே நினைத்துவிட்டார்கள். அது வைரஸ் என்று 2003-இல்தான் அறிவித்தார்கள். பெயர் மிமிவைரஸ். அதன் டி.என்.ஏ.வில் சுமார் 12 லட்சம் எழுத்துகள். சில பாக்டீரியாக்களைவிட அதிகம். ஆனாலும் ரைபோசோம் அதனிடமும் இல்லை.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம்

'க்' என்று மட்டும் சொல்லிப் பாருங்க. மெய்யெழுத்து தனியாக ஒலிக்காது. முன்னாலோ பின்னாலோ ஓர் உயிர் வேண்டும். 'அ' வந்து சேர்ந்ததும் 'க' ஆகிவிடுகிறது. அது உயிரும் இல்லை, மெய்யும் இல்லை. உயிர்மெய்.

வைரஸும் இப்படித்தான். வெளியே இருக்கும் துகள் மெய். செல்தான் உயிர். செல்லுக்குள் நுழைந்ததும் வைரஸ் தன் புரத உறையைக் கழற்றிவிடுகிறது. அடுத்த கொஞ்ச நேரத்துக்கு அந்தச் செல்லைப் பிரித்துத் தேடினாலும் ஒரு முழு வைரஸ்கூடக் கிடைக்காது. 'க'-வுக்குள் 'க்' எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாத மாதிரி! ஆனால் செல் இப்போது தன் வேலையை விட்டுவிட்டு வைரஸின் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பிரெஞ்சு உயிரியலாளர் பாட்ரிக் ஃபோர்ட்டேர் இந்த நிலைக்கு 'வைரோசெல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்வையில் வெளியே திரியும் துகள் வெறும் விதை மாதிரி. தொற்றுக்கு ஆளான செல்தான் வைரஸின் உயிருள்ள வடிவம்.

அதனால் "உயிர் இருக்கா?" என்பதைவிட "எப்போ இருக்கு?" என்று கேட்பதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோணுது.

சரி, இதனால் என்ன பயன்?

இப்போ என் மாத்திரைக்கு வருவோம். அசித்ரோமைசின் தாக்குவது பாக்டீரியாவின் ரைபோசோமை. அமாக்சிசிலின் தடுப்பது பாக்டீரியாவின் செல்சுவர் கட்டும் வேலையை. வைரஸிடம் இந்த இரண்டுமே இல்லை. இல்லாத எந்திரத்தை எப்படி ரிப்பேர் ஆக்குவது?

துகளாக, மெய்யாக இருக்கும்போது அதைப் பிரித்துப் போடலாம். கொரோனா வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு கரைப்பது அப்படித்தான். உயிர்மெய்யான பிறகு, நடக்கிற வேலையைத்தான் நிறுத்த வேண்டும். அக்கிக்கும் சின்னம்மைக்கும் கொடுக்கிற அசைக்ளோவிர், செல்லுக்குள் வைரஸ் டி.என்.ஏ. நகலெடுக்கப்படுவதைத் தடுக்கிறது. அந்த வேலை நடக்காத நேரத்தில் அந்த மருந்துக்குத் தடுக்க எதுவுமே இல்லை.

தேவையில்லாமல் போட்ட ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் நம் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்களில், அந்த மருந்துக்கு அசராதவை மட்டும் தப்பிப் பெருக வழி செய்து கொடுக்கும். நாளைக்கு நிஜமாகவே அந்த மருந்து தேவைப்படும்போது அது கை கொடுக்காமல் போகலாம்.

அதனால அடுத்த தடவை ஹாஸ்டலில் யாராவது "மச்சி, ஒரு ஆன்டிபயாடிக் இருந்தா குடுடா" என்று கேட்டா, மாத்திரையைக் கொடுக்காதீங்க. முதலில் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. போகிற வழியில் இந்தக் கேள்வியையும் கேட்டு வைங்க!