டிஸ்க் போட்டால் சைக்கிள் சட்டென்று நின்றுவிடுமா?

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளரின் விரல் முதலில் போவது சக்கரத்தின் நடுவில் மின்னும் தகட்டின் பக்கம்தான். "டிஸ்க் பிரேக் சார், புடிச்சா அப்படியே நிக்கும்." பக்கத்திலேயே ரிம்மைக் கவ்வும் வி-பிரேக் போட்ட சைக்கிள் இருக்கும், அதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்புப் பையனுக்கு டிஸ்க் இல்லாத சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா என்பது வேறு கதை. அந்தத் தகட்டைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் எது தேறும் என்று பார்ப்போம்.

"டிஸ்க் என்றால் குறைந்த தூரத்தில் நிற்கும்"

காய்ந்த தார்ச்சாலையில் இது பெரும்பாலும் தவறு. முன்பிரேக்கை ஓரளவுக்கு மேல் அழுத்தினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஓட்டுபவரின் எடை முன்சக்கரத்துக்கு எவ்வளவு பின்னால், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே அந்த எல்லையை வகுக்கிறது. பிரேக் எந்த வகை என்பது அல்ல. சாதாரண சைக்கிளில் அந்த எல்லை புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியை ஒட்டி இருக்கும். ஒழுங்காகப் பொருத்திய வி-பிரேக்கே அதைத் தொட்டுவிடும். அதற்கு மேலும் பலம் இருந்தால் நாம் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவோம், அவ்வளவுதான்.

நல்ல டிஸ்க்கின் லாபம் விரலில் தெரியும். ஒரு விரலால் அழுத்தினாலே போதும், எவ்வளவு பிடிக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் பிடிக்கலாம். நீண்ட இறக்கத்தில் கை வலிக்காது.

"முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம்"

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகி வழுக்கத் தொடங்குகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது முன்பிரேக்கை நன்றாகப் பயன்படுத்தினால் 6, 7 மீட்டரில் நிறுத்தலாம். பின்பிரேக் மட்டும் என்றால் ஏறத்தாழ அதைப் போல இரண்டு மடங்கு தூரம் ஆகும். தெருவில் குறுக்கே குழந்தை ஓடிவந்தால் அந்த மிச்ச தூரத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பிரேக் ஒயர் அறுந்து தொங்க, பின்பிரேக்கை மட்டும் நம்பி ஓடும் சைக்கிள்கள் நம் ஊரில் எத்தனை! உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, கையை விறைத்துக்கொண்டு, முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும். டிஸ்க்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிட இந்தப் பழக்கம் அதிகம் காப்பாற்றும்.

"எல்லா டிஸ்க்கும் ஒன்றுதான்"

இல்லவே இல்லை. விலை குறைந்த மாடல்களில் இருப்பது ஒயரால் இழுபடும் மெக்கானிக்கல் டிஸ்க். அவற்றில் பலவற்றில் ஒரு பக்கத்துக் கட்டை மட்டும்தான் நகரும். அது தகட்டை வளைத்து மறுபக்கத்துக் கட்டையில் கொண்டுபோய் அழுத்தும். கட்டை தேயத் தேய நாமே திருகி நெருக்க வேண்டும். மட்டமான ஒயர் உறை அமுங்குவதால் கை கொடுத்த பலத்தில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடும். ஹைட்ராலிக் டிஸ்க்கில் எண்ணெய் அழுத்தம் இரண்டு கட்டைகளையும் சமமாகத் தள்ளுகிறது, தேய்மானத்தையும் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. "டிஸ்க்" என்ற ஒரே பெயரில் இந்த இரண்டையும் விற்கிறார்கள். மலிவான மெக்கானிக்கல் டிஸ்க்கா, அதே விலையில் அலுமினிய ரிம்மோடு நல்ல வி-பிரேக்கா என்றால் எனக்குத் தயக்கமே இல்லை: வி-பிரேக்.

"மழையில் டிஸ்க்தான் கெட்டி"

இது உண்மை. ரிம் பிரேக்கில் கட்டை முதலில் ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும். பிடி அதன் பிறகுதான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 2 மீட்டர். இரண்டு சுற்று வீணானாலே 4 மீட்டர் போச்சு. குரோம் பூசிய இரும்பு ரிம்மில் நிலைமை இன்னும் மோசம். ராட் பிரேக் வைத்த பழைய சைக்கிளை மழையில் ஓட்டியவர்கள் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியது சும்மா இல்லை. சேறும் மணலும் கட்டையில் ஒட்டி அலுமினிய ரிம்மின் சுவரையே அரைத்துத் தின்னும். ஒருநாள் அந்தச் சுவர் பிளக்கவும் கூடும். டிஸ்க்கில் தேய்வது மாற்றக்கூடிய தகடும் கட்டையும் மட்டுமே. ரிம் பெண்டானாலும் பிரேக் கெடாது.

மலை இறக்கமும் டிஸ்க்குக்குச் சாதகம்தான். ஆளும் சைக்கிளும் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற பாதையில் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாகும். ரிம் சூடேறினால் அதற்குள் இருக்கும் டியூப் வெடிக்கலாம். டிஸ்க்கும் விதிவிலக்கல்ல: விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் கட்டை பளபளத்துப் பிடி தளரும். எந்த பிரேக்காக இருந்தாலும் வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, பிறகு விட்டு, ஆறவிட்டு இறங்குவதுதான் முறை.

"டிஸ்க் வேலையே வைக்காது"

வைக்கும், அடிக்கடி வைக்காது. ஷிமானோ தகடு புதிதில் 1.8 மி.மீ.; 1.5 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்றச் சொல்கிறது அந்த நிறுவனம். ஹைட்ராலிக் எண்ணெயிலும் வகை உண்டு. மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் கார் பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டுவிடும். இதைவிடப் பெரிய கொடுமை, கீச்சென்று சத்தம் வருகிறதே என்று தகட்டில் தேங்காய் எண்ணெய் விடுவது. கட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிக்கும்போதும் தகட்டைத் துணியால் மூடிவிடுங்கள்.

"பந்தய வீரர்களே மாறிவிட்டார்கள்"

மாறினார்கள், ஆனால் மெதுவாக. 2016 ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் காயம்பட்ட ஸ்பெயின் வீரர் வென்டோசோ, டிஸ்க் தகடுதான் காலைக் கிழித்தது என்றார். பந்தயங்களில் டிஸ்க்கை அனுமதித்து நடத்திவந்த சோதனையைச் சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. நிறுத்தி வைத்தது. முழு அனுமதி கிடைத்தது 2018 ஜூலையில். அதற்குப் பிறகும் 2019-ல் பெர்னாலும் 2020-ல் போகாச்சரும் டூர் டி பிரான்ஸை வென்றது ரிம் பிரேக் சைக்கிளில்தான். இன்று பெரிய நிறுவனங்கள் விலையுயர்ந்த பந்தய சைக்கிள்களை டிஸ்க்குக்கென்றே வடிவமைக்கின்றன. ஈரத்தில் கார்பன் ரிம்மின் பிடி குறைவு, அகலமான டயருக்கு இடம் வேண்டும் என்பவை அதற்குக் காரணங்கள். பால் வாங்கப் போகும் சைக்கிளுக்கு அந்தக் கவலைகள் கிடையாது.

ஆக, மழையோ சேறோ பாராமல் தினமும் ஓட்டுபவரும், மலை இறங்குபவரும், பாரம் ஏற்றுபவரும் ஹைட்ராலிக் டிஸ்க்குக்குப் பணம் கொடுக்கலாம், தப்பில்லை. வீட்டில் இருக்கும் பழைய சைக்கிளுக்கு டிஸ்க் மாட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரேக்கைப் பொருத்த ஃபோர்க்கிலும் சட்டத்திலும் அதற்கான இடம் வேண்டும், தகட்டைப் பூட்ட ஹப்பும் வேறு வேண்டும். அந்தச் செலவுக்குப் போகாமல் நான்கு புதுக் கட்டை, இரண்டு புது ஒயர் மாற்றி, ரிம்மைத் துடைத்து, பெண்டு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.